இரண்டும் பெண் கோபி மீன்தான், அப்புறம் முட்டைக்குள் கண் எப்படி?

உப்புத்தண்ணி:
சிங்கப்பூர் வீட்டில் சின்னக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். மஞ்சள் கோபி ஒன்றின் ஜோடி செத்துப்போனதால், நண்பர் தொட்டியிலிருந்த கோபியைத் துணைக்குக் கொண்டுவந்து விட்டேன். இரண்டுமே முன்பு முட்டை வைத்தவை, அதாவது இரண்டும் பெண். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அக்ரோபோரா என்ற பவளத்தின் கிளையில் ஒரு விரற்கடை தசையைக் கொறித்து எடுத்துவிட்டு, அதைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி முட்டை. டார்ச் அடித்தால் உள்ளே கருப்புக் கண்கள், அதாவது கரு வளர்கிறது! ஆண் எங்கிருந்து வந்தது?

பவளக்கிளை:
உங்கள் தொட்டியிலேயேதான். உங்கள் மஞ்சள் கோபி சேர்ந்த கோபியோடான் வகையில் இரண்டு பெண்கள் சேர்ந்தால் ஒன்று ஆணாகிவிடும், பெரும்பாலும் பெரியது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் அதே வகையைச் சேர்ந்த கோபியோடான் ஹிஸ்ட்ரியோ மீனை ஆராய்ந்தவர்கள் எதிர்த்திசையையும் பார்த்திருக்கிறார்கள்: இரண்டு ஆண்களை ஒரே பவளத்தில் விட்டால் ஒன்று பெண்ணாகிறது.

கரைவலை:
அது என்ன இரண்டு பக்கமும்? கோமாளி மீன் ஆணிலிருந்து பெண்ணாக மட்டும்தானே மாறும்?

பவளக்கிளை:
ஆமாம், அது ஒருவழிப் பாதை. இந்தக் கோபிகள் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான், நீந்துவதிலும் சுமார். கிளை இடுக்கை விட்டு வெளியே துணை தேடப் போனால் வழியிலேயே யாராவது விழுங்கிவிடுவார்கள். அதனால் வந்து சேர்ந்தவர் யாரோ அவரோடுதான் குடித்தனம், இரண்டு பேரும் ஒரே பாலாக இருந்தால் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். இன்னொரு கோபி, டிரிம்மா ஒகினாவே, சூலகத்தையும் விந்தகத்தையும் ஒன்றாகவே வைத்துக்கொண்டு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓட்டுகிறது. ஆண் காணாமல் போனால் பெரிய பெண் அந்த இடத்துக்கு வரும். அதைவிடப் பெரிய ஆண் வந்து சேர்ந்தால் பேசாமல் பழையபடி பெண்ணாகிவிடும்.

கரைவலை:
குழம்பு வைக்கிற நம்ம உளுவையும் கோபி குடும்பம்தானே? இனி சட்டியை ஒரு மாதிரி பார்ப்பேன்.

பவளக்கிளை:
குடும்பம் ஒன்றுதான், ஆனால் கோபிகள் எல்லாம் மாறுவதில்லை, நிம்மதியாகச் சாப்பிடுங்கள். உப்புத்தண்ணி, எது ஆண் என்று தெரிய வேண்டுமானால் வயிற்றுக்கடியில் கழிவுத் துளைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முனையைப் பாருங்கள். ஆணுக்கு ஒல்லியாகக் கூராக, பெண்ணுக்கு மொட்டையாக இருக்கும்.

உப்புத்தண்ணி:
பார்த்தேன். முட்டைக்கு விசிறிக்கொண்டு இடத்தை விட்டு நகராமல் இருப்பதுதான் கூர்முனை. இத்தனை நாள் அதைத்தான் தாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.