புது ஹார்ட்டெயில்: முதல்ல ஃபோர்க்கா, டயரா, பிரேக்கா?

கேளம்பாக்கம்_29:

வணக்கம். புதுசா ஒரு அலுமினியம் ஹார்ட்டெயில் (முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்கிற மலை சைக்கிள்) எடுத்திருக்கேன். 29 இன்ச் சக்கரம், முன்னாடி 100 மி.மீ. அமுங்கற சன்டூர் எக்ஸ்சிடி காயில் ஸ்பிரிங் ஃபோர்க், 3×7 ஷிமானோ கியர், கேபிள் டிஸ்க் பிரேக், 160 மி.மீ. ரோட்டர் (பிரேக் வட்டு), 2.1 இன்ச் டயர். என் எடை 78 கிலோ. வார நாள்ல ஓஎம்ஆர் சர்வீஸ் ரோடு, ஞாயித்துக்கிழமை தையூர் ஏரிக்கரை, திருப்போரூர் பக்கத்து மண் தடம். ஏலகிரி ஏறி இறங்கணும்னு ஆசை.

சின்னக் கல் வரிசையா வந்தா ஃபோர்க் அசையவே மாட்டேங்குது. பெரிய பள்ளத்துல இறங்கினா உள்ள போய்ட்டு ஹேண்டில்பாரைத் தூக்கி அடிக்குது. அரை மணி நேரத்துல உள்ளங்கை மரத்துப்போகுது. பிரேக்கை நாலு விரலாலயும் அழுத்தினாத்தான் வண்டி நிக்குது.

30,000 ரூபாய் வரை செலவு பண்ணலாம், ஒரே தடவையில பண்ணணும்னு இல்ல. 120 மி.மீ. ஏர் ஃபோர்க் போடலாமா? இல்ல பிரேக், ஒன்-பை (முன்னாடி ஒரே பல்சக்கரம்) கியர்னு தொடங்கலாமா? எதை வாங்கினா அப்புறம் வருத்தப்பட மாட்டேன்?

ஹெட்செட்_தரமணி:

120 வேண்டாம். ஃபோர்க் 20 மி.மீ. உயர்ந்தால் ஹெட் ஆங்கிள் (ஃபோர்க்கின் சாய்வு) சுமார் 1 டிகிரி படுத்துவிடும், பெடல் உயரமும் கூடும். ஏற்றத்தில் முன்சக்கரம் நேராக நிற்காமல் அலையும். அதோடு, 100-க்காக வடிவமைத்த ஃபிரேமின் ஹெட் டியூப் இணைப்பில் கூடுதல் சுமை விழும், வாரண்டியும் போகும். 100-க்கு 100 போடுங்கள்.

உங்கள் ஃபோர்க்கின் குறை டிராவல் (அமுங்கும் தூரம்) அல்ல, டேம்பிங் (ஸ்பிரிங்கின் அசைவைத் தணிப்பது) தான். அதில் ரீபவுண்டை, அதாவது ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தை, கட்டுப்படுத்த எதுவும் கிடையாது. அமுங்கிய ஸ்பிரிங் அதே வேகத்தில் திரும்பி வருகிறது, அதுதான் தூக்கி அடிக்கிறது. மேலே இருக்கும் பிரீலோட் திருகு ஸ்பிரிங் எந்தச் சுமையில் அசையத் தொடங்கும் என்பதை மட்டும் மாற்றும். ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாது. அதை இறுக்கி வைத்திருந்தால் முழுதாகத் தளர்த்துங்கள். சின்னக் கல்லுக்கு ஓரளவாவது அசையும்.

மாற்றும்போது மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்: ஏர் ஸ்பிரிங், ரீபவுண்ட் திருகு, 30 மி.மீ. தடிமனுக்குக் குறையாத ஸ்டான்ஷன் (ஃபோர்க்கின் மேல் குழாய்). ரீபவுண்ட் இல்லாத ஏர் ஃபோர்க்குக்குப் பணம் கொடுக்காதீர்கள். காற்றும் ஸ்பிரிங்தான், அதுவும் தூக்கி அடிக்கும். சன்டூர் பெயர்களில் எல்ஓ என்றால் லாக்அவுட் (ஃபோர்க்கை அசையாமல் பூட்டுவது), ஆர்எல் என்றால் ரிமோட் லாக்அவுட். கடைசியில் தனியாக ஓர் ஆர் இருந்தால்தான் ரீபவுண்ட் உண்டு. எக்ஸ்சிஆர் 32 ஏர் எல்ஓ-ஆர், ரெய்டன், ராக்‌ஷாக்ஸ் ஜூடி சில்வர், ரீகான் சில்வர் எல்லாம் இந்த வரிசையில் வரும். ஒரே பெயரில் பல ஸ்டியரர் (ஃபிரேமுக்குள் போகும் ஃபோர்க்கின் தண்டு), ஆக்ஸில் வகைகள் விற்கிறார்கள் என்பதால் பெயரைச் சொல்லி மட்டும் ஆர்டர் போடாதீர்கள்.

அதற்கு முன் அளக்க வேண்டியவை. ஹெட் டியூபின் கீழ் வாயில் உள்விட்டம் 34 மி.மீ. என்றால் நேர் ஸ்டியரர் மட்டுமே போகும். 44 என்றால் நேரும் போகும். கீழே வெளிக் கப் மாட்டி டேப்பர்டும் (கீழே தடித்த ஸ்டியரர்) போடலாம். ஆனால் அந்தக் கப் முன்பக்கத்தைச் சுமார் 1 செ.மீ. உயர்த்திவிடும். அடுத்து முன் ஹப்: 9 மி.மீ. குயிக் ரிலீஸா, 15 மி.மீ. த்ரூ ஆக்ஸிலா? 9 மி.மீ. ஹப் 15 மி.மீ. ஃபோர்க்கில் உட்காராது. சில நல்ல ஹப்களுக்கு மாற்று மூடி கிடைக்கும். தனி பால் பேரிங் போட்ட சாதா ஹப்புக்குக் கிடைக்காது, அப்போது ஃபோர்க்கோடு முன் சக்கரமும் வாங்க நேரும். இந்த விவரங்களைப் போடுங்கள், பிறகு பேசுவோம்.

முள்_வேட்டை:

தரமணி அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா வரிசையில முதல்ல டயர். 2.1 கம்பி டயர்ல கடைக்காரர் 50, 60 பிஎஸ்ஐ அடிச்சுக் குடுத்திருப்பார். டயர் கல்லு மாதிரி இருந்தா எந்த ஃபோர்க் போட்டாலும் கை மரக்கும். டயர் பக்கவாட்டுல எழுதியிருக்கிறது அதிகபட்ச அளவு, அடிக்க வேண்டிய அளவு இல்ல. 78 கிலோவுக்கு ட்யூபோட 29×2.25 டயர்னா முன்னாடி 26, பின்னாடி 29ல ஆரம்பிங்க. ரிம் தரையைத் தொட்டா 2 ஏத்துங்க. ஓஎம்ஆர்ல மட்டும் போற நாள்ல 35 வச்சுக்கலாம். டிஜிட்டல் கேஜ் ஒண்ணு கட்டாயம் வேணும், பம்ப்ல இருக்கிற முள் இந்தக் குறைஞ்ச அளவுல நம்பற மாதிரி காட்டாது.

அகலம் 2.25 இல்ல 2.35, மடிக்கிற பீட் (ரிம்ல உட்கார்ற டயர் விளிம்பு), பக்கவாட்டுப் பாதுகாப்பு இருக்கிற டயர். வாங்கறதுக்கு முன்னாடி பின் செயின்ஸ்டேல (பின் சக்கரத்தை ஒட்டிப் போற ஃபிரேம் குழாய்) ரெண்டு பக்கமும் 6 மி.மீ. இடைவெளி மிச்சம் இருக்குமான்னு அளந்துக்கோங்க. மழையில சேறு ஒட்டினா அந்த இடம்தான் முதல்ல அடைக்கும்.

நம்ம ஏரிக்கரை எல்லாத்துலயும் சீமைக் கருவேலம்தான். அந்த முள் ட்யூபை மட்டும் குத்தாது, நுனி உடைஞ்சு டயருக்குள்ளயே தங்கிடும். புது ட்யூப் போட்ட பத்து நிமிஷத்துல திரும்ப இறங்கறதுக்குப் பாதி நேரம் காரணம் அதுதான். டயர் உள்பக்கத்தை ஒரு பஞ்சாலயோ பழைய துணியாலயோ சுத்தித் தடவுங்க, நூல் சிக்கற இடத்துல முள் இருக்கும். வெறும் விரலால தேடாதீங்க.

ரிம் ட்யூப்லெஸ் ரெடியா இருந்தா உடனே ட்யூப்லெஸ் போயிடுங்க. சீலன்ட் (ஓட்டையை அடைக்கிற திரவம்) ஒரு டயருக்கு 100லேர்ந்து 120 மி.லி. நம்ம வெயிலுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை வால்வைக் கழட்டி உள்ள ஈரம் இருக்கான்னு பாருங்க, காஞ்சுபோன சீலன்ட் எந்த முள்ளையும் அடைக்காது. ட்யூப்லெஸ் ரெடி இல்லாத ரிம்ல டேப் ஒட்டிப் பண்றது வேண்டாம். பீட் பிடிக்கிற மேடு அதுல கிடையாது, திருப்பத்துல காத்து பொசுக்குன்னு போய் டயர் கழண்டுடும். அந்த ரிம்முக்கு ட்யூபுக்குள்ளயே சீலன்ட் விடலாம், வால்வு உள்பகுதி கழட்டற மாதிரி இருக்கணும்.

கை மரக்கறதுக்கு இன்னொரு காரணம் சீட் மூக்கு கீழ சாஞ்சிருக்கிறது. உடம்பு முன்னாடி வழுக்கி எடை மொத்தமும் கையில விழும். முதல்ல மட்டமா வச்சுப் பாருங்க.

கேளம்பாக்கம்_29:

அளந்துட்டேன். ஹெட் டியூப் கீழ் உள்விட்டம் 44, இப்போ இருக்கிறது நேர் ஸ்டியரர். முன் ஹப் 9 மி.மீ. குயிக் ரிலீஸ். பிரேக் லீவரும் கியர் லீவரும் ஒரே துண்டா இருக்கு, இஎஃப்500ன்னு போட்டிருக்கு. முன் பல்சக்கரம் 42-34-24, பின்னாடி 14-34. ரிம்ல ட்யூப்லெஸ்னு எதுவும் எழுதல. பிரீலோடைத் தளர்த்தி, காத்தை 28, 30ன்னு குறைச்சதுல கை வலி பாதி குறைஞ்சிருக்கு, ரெண்டு பேருக்கும் நன்றி. பின்னாடி இருக்கிற பல்சக்கர அடுக்கு கேசட்டா ஃப்ரீவீலான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஸ்போக்_அம்பத்தூர்:

பின் சக்கரத்தைக் கழட்டிக் கையில பிடிச்சு, பற்களைப் பின்பக்கமா சுத்துங்க. டூல் மாட்டற நடு வளையமும் பற்களோட சேர்ந்து சுத்தினா கேசட். அது அசையாம பல் மட்டும் சுத்தினா ஃப்ரீவீல். 14-34 ஏழு பல்சக்கரம்னா பெரும்பாலும் ஃப்ரீவீல்தான்.

இதுல ரெண்டு சிக்கல். ஒண்ணு, ஃப்ரீவீல் ஹப்ல வலது பேரிங் ரொம்ப உள்ள தள்ளி இருக்கும். மீதி ஆக்ஸில் தாங்கல் இல்லாம நீட்டிக்கிட்டு நிக்கும். 78 கிலோவோட பள்ளத்துல விழுந்து விழுந்து எழுந்தா அது வளையும், ஒருநாள் உடையும். கேசட் ஏறற ஃப்ரீஹப்ல பேரிங் வெளி ஓரத்துலயே இருக்கிறதால அந்தப் பிரச்சினை இல்ல. ரெண்டாவது, பெரிய ஒன்-பை கேசட் எதுவும் ஃப்ரீவீல் ஹப்ல ஏறாது. அதனால கியர் மாத்தணும்னா பின் சக்கரமும் சேர்த்துத்தான்: 135 மி.மீ. குயிக் ரிலீஸ், ஷிமானோ எச்ஜி ஃப்ரீஹப், 32 ஸ்போக், ட்யூப்லெஸ் ரெடி ரிம்.

எச்ஜி ஃப்ரீஹப்ல மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸ் 10 ஸ்பீட் 11-48 ஏறும், ஷிமானோ டியோர் எம்5100 11 ஸ்பீட் 11-51 ஏறும். டியோர் 12 ஸ்பீட் 10-51 ஏறாது, அதுக்கு மைக்ரோஸ்பிளைன்ங்கற வேற வகை ஃப்ரீஹப் வேணும். இந்த ஒரு இடத்துலதான் நிறைய பேர் கேசட்டை வாங்கிட்டு மாட்ட முடியாம நிக்கறாங்க.

ஒன்-பை போட்டா வேகம் போயிடும்னு பயப்படத் தேவையில்ல. இப்போ உங்க மெதுவான கியர் 24-34, விகிதம் 0.71. வேகமானது 42-14, அதாவது 3.0. முன்னாடி 32 பல், பின்னாடி 11-48 போட்டா 0.67 முதல் 2.91 வரை கிடைக்கும். நிமிஷத்துக்கு 90 பெடல் சுத்துல மணிக்கு 36 கிலோமீட்டர் போகலாம், இப்போ கிடைக்கிறதைவிட ஒரே ஒரு கிலோமீட்டர்தான் குறைவு. ஏலகிரி ஏற்றத்துக்கு இப்போ இருக்கிறதைவிட லேசான கியரும் வந்துடுது. ஆனா உங்க கிராங்க்ல பல்சக்கரங்களை ரிவிட் அடிச்சிருந்தா தனியாக் கழட்ட முடியாது, நேரோ-வைட் (செயின் கழலாம இருக்கப் பல் மாறி மாறி அமைஞ்ச) 32 போட்ட புது கிராங்க் வேணும். செயின் குறடு, கிராங்க் புல்லர் ரெண்டும் இல்லாம இந்த வேலையை வீட்ல தொடாதீங்க.

இப்போ பிரேக். இஎஃப்500 ஒரே துண்டுங்கறதால பிரேக் லீவரை மட்டும் மாத்த முடியாது, கியர் லீவரும் கூடவே வெளியே வந்துடும். அதனால பிரேக்கும் கியரும் உங்க வண்டியில ஒரே செலவு. அவசரமா பிரேக் மட்டும் வேணும்னா ஷிமானோ எம்டி200 ஹைட்ராலிக் செட்டோட தனி அல்டஸ் எம்315 3×7 ஷிஃப்டர் போட்டு, மத்த கியரை அப்படியே விடலாம். எம்டி200 பேட் ரெசின், உங்க பழைய ரோட்டரே ஒத்துக்கும். இது மினரல் ஆயில் பிரேக். டாட் ஆயிலை விட்டா உள்ள சீல் ஊதிப்போய் லீவரே வீண்.

ஹோஸை அளவு பார்த்து வெட்டினா ஒவ்வொரு தடவையும் ஹோஸ் முனையை இறுக்கற சின்னத் துண்டுகள் ரெண்டும் புதுசு: புது ஆலிவ், புது இன்சர்ட். பழசைத் திரும்பப் போட்டா அழுத்தத்துல ஆயில் கசிஞ்சு பேட் வரைக்கும் வரும். ஆயில் பட்ட ரெசின் பேடைக் காப்பாத்த முடியாது, தூக்கிப் போடுங்க. ரோட்டரை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால துடைங்க. கைக்குப் போடற சானிடைசர் வேண்டாம், நிறைய சானிடைசர்ல கிளிசரின் இருக்கும், அது ரோட்டர்ல படலமா ஒட்டிக்கும். மாட்டினதும் 20 கிலோமீட்டர் வேகத்துலேர்ந்து நடை வேகம் வரை, சக்கரம் பூட்டாம, ஒவ்வொரு பிரேக்கையும் ஒரு இருபது தடவை பிடிச்சு விடுங்க. இதைச் செய்யாம நேரா ஏலகிரி போனா 14 கொண்டை ஊசியும் இறங்கறதுக்குள்ள பேட் பளபளன்னு மெழுகி பிடிமானம் போயிடும். இறக்கத்துல விடாம லேசா அழுத்திக்கிட்டே வராதீங்க. திருப்பத்துக்கு முன்னாடி பலமாப் பிடிங்க, நேர்ல விட்டுடுங்க.

என்னைக் கேட்டா ஃபோர்க்குக்கு முன்னாடி பின் சக்கரம். ஃபோர்க் வசதிக்கு, ஆக்ஸில் பாதுகாப்புக்கு.

ஹெட்செட்_தரமணி:

ஆக்ஸில் விஷயத்தில் அம்பத்தூர் நண்பர் சொல்வதை ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: சக்கரம், கிராங்க், கேசட், டீரெய்லியர் (செயினைப் பல் மாற்றும் கருவி), ஷிஃப்டர், பிரேக், ஃபோர்க் அனைத்தையும் கூட்டினால் 30,000 தாண்டும். வண்டி விலையில் பாதிக்கு மேல் பாகங்களில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பணத்தோடு இதை விற்று அடுத்த நிலை வண்டிக்கே போகலாம். டயர், பிரேக் இப்போது. மீதியை ஃப்ரீவீல் தேயும்போது முடிவு செய்யுங்கள்.

ஃபோர்க்தான் என்று தீர்மானித்தால் உங்கள் அளவுக்கு நேர் ஸ்டியரர், 9 மி.மீ. குயிக் ரிலீஸ், 100 மி.மீ. வகை வாங்குங்கள். இருக்கும் ஹெட்செட்டும் முன் சக்கரமும் அப்படியே பயன்படும். 30 மி.மீ. கிரவுன் ரேஸை (கீழ் பேரிங் உட்காரும் வளையம்) மட்டும் பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் இறக்க வேண்டும். ஸ்டியரரை வெட்டும்போது ஸ்டெமும் ஸ்பேசரும் சேர்ந்த உயரத்துக்கு 3 மி.மீ. குறைவாக வையுங்கள். முதல் தடவை ஒரு ஸ்பேசர் அளவு கூடுதலாக விட்டு ஓட்டிப் பார்த்தபின் வெட்டுவது நல்லது, வெட்டியதை ஒட்ட முடியாது.

காற்று அடைக்க ஷாக் பம்ப்தான் வேண்டும், பெட்ரோல் பங்க் காற்று ஆகாது. பையோடு, ஓட்டும் நிலையில் நின்று சேக் (உங்கள் எடையில் ஃபோர்க் அமுங்கும் அளவு) 20 மி.மீ. வருமாறு வையுங்கள். ஏசி அறையில் 25 டிகிரியில் 80 பிஎஸ்ஐ வைத்தால் 40 டிகிரி வெயிலில் சுமார் 5 பிஎஸ்ஐ ஏறிவிடும், ஆகவே வெளியில் வைத்து அளக்கவும். பம்பைக் கழற்றும்போது வரும் சத்தம் குழாயில் இருந்த காற்று, ஃபோர்க்கிலிருந்து அல்ல. ரீபவுண்டை மிக மெதுவான நிலையிலிருந்து ஒவ்வொரு கிளிக்காகத் திறந்து நடைபாதை ஓரத்திலிருந்து இறங்கிப் பாருங்கள். ஃபோர்க் ஒருமுறை எழுந்து நின்றுவிட வேண்டும், இரண்டாவது ஆட்டம் கூடாது.

ஈசிஆர் பக்கம் போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவித் துடைக்கவும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் பம்ப் வேண்டாம், அது உப்பையும் மண்ணையும் சீலுக்குள்ளேயே தள்ளும். சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றி ஆயிலையும் ஃபோம் வளையத்தையும் புதுப்பிக்க வேண்டும்; ஆயில் அளவு மாடலுக்கு மாடல், காலுக்குக் கால் வேறு, அந்த மாடலின் கையேட்டில் உள்ளபடி விடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கீழ் ஹெட்செட் பேரிங்கையும் சீட் போஸ்டையும் வெளியே எடுத்து கிரீஸ் தடவவும். அலுமினியம் ஃபிரேமில் சீட் போஸ்ட் இறுகிவிட்டால் அதை எடுக்க ஃபிரேமையே பலி கொடுக்க வேண்டி வரும்.

முள்_வேட்டை:

டயர் வாங்க ரத்தன் பஜார் போறதுன்னா பழைய டயரைக் கையில எடுத்துட்டுப் போங்க, இல்லைன்னா அது மேல இருக்கிற 622ங்கற எண்ணையாவது எழுதிட்டுப் போங்க. 27.5க்கு 584, 26க்கு 559. இன்ச் மட்டும் சொன்னா மாத்திக் குடுக்க வாய்ப்பு இருக்கு.