“உன்னால் முடியும்” என்ற சொல் பிள்ளைக்குத் துணையா, சுமையா?

திண்டுக்கல் தாய்:
என் மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணிதத்தில் 94 மதிப்பெண் பெற்றாள். உறவினர்கள் அனைவரும் அவளை மூளைக்காரி என்று கொண்டாடினார்கள். நாங்களும் மகிழ்ந்து உயிரியல்–கணிதப் பிரிவில் சேர்த்தோம். பதினோராம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் அதே பாடத்தில் 31 வாங்கி வந்தாள். அன்றிலிருந்து “எனக்குக் கணக்கு வராது” என்பதே அவள் பேச்சு. நானும் அவள் அப்பாவும் காலையும் இரவும் “உன்னால் முடியும்” என்று சொல்லிவந்தோம். சென்ற வாரம் அவள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, “நீங்க அப்படிச் சொல்லும்போதெல்லாம், முடியாமப் போயிட்டா உங்க முகத்துல எப்படி முழிப்பேன்னுதான் பயமா இருக்கு” என்று அழுதாள். பெற்றோர் நம்பிக்கை வைப்பது தவறாகிவிடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு ஆசிரியர்:
அம்மா, அரசு மேல்நிலைப்பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறேன். உங்கள் மகளுக்கு நேர்ந்தது ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் பலருக்கு நேர்கிறது. பத்தாம் வகுப்பில் எடுத்துக்காட்டுக் கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாலே நல்ல மதிப்பெண் வந்துவிடும். பதினொன்றில் முதல் பாடமே கணங்கள், தொடர்புகள், சார்புகள். அதை அடுத்து அடிப்படை இயற்கணிதம், பிறகு முக்கோணவியல். சார்பு என்றால் என்ன என்பது மனத்தில் படியாத பிள்ளைக்குப் பின்னால் வரும் பாடங்களில் பிடிமானம் கிடைப்பதில்லை. இது மூளையின் குறையன்று, படியின் உயரம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா, தன் திறன் மீது ஒருவருக்கு உண்டாகும் நம்பிக்கை நான்கு வழிகளில் வருவதாக 1977ஆம் ஆண்டில் எழுதினார். தானே செய்து வெற்றி காண்பது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை என்பவையே அவை. இவற்றுள் வலுவானது முதலாவது. வெறும் சொல்லால் வந்த நம்பிக்கை, அடுத்த தோல்வியிலேயே கரைந்துபோகும் என்பதையும் அவர் அங்கேயே சொல்லியிருக்கிறார்.

‘மூளைக்காரி’ என்ற பாராட்டும் இதில் சேரும். 1998இல் மியூல்லர், டுவெக் என்னும் உளவியலாளர்கள் இருவர் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளில், அறிவாளி என்று பாராட்டப்பட்டவர்கள், உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட, ஒரு தோல்விக்குப் பிறகு முயற்சியைத் தொடர்வதில் குறைந்த ஆர்வமே காட்டினார்கள். ஆகவே, முடியும் என்று சொல்வதைச் சில வாரங்களுக்கு நிறுத்திவிடுங்கள். பத்தாம் வகுப்பு முக்கோணவியலிலிருந்து நாளுக்கு மூன்று கணக்குகள் போதும். அவளே போட்டு, அவளே திருத்தட்டும்.

முக்கூடல்காரன்:
ஆசிரியர் ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன், மறுபாதியை என்னால் ஏற்க இயலவில்லை. செய்து பார்த்த பிறகுதான் நம்பிக்கை வரும் என்றால், செய்து காட்ட எதுவுமே இல்லாத பிள்ளைக்கு யார் துணை?

என் தாய் பீடி சுற்றியவர். நான் ஒன்பதாம் வகுப்பில் தோற்றபோது, “மளிகைக்கடையில் சேர்த்துவிடு, வாரக்கூலியாவது வரும்” என்று தெருவே சொன்னது. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாத அந்த அம்மா, மடியிலிருந்த தட்டை இறக்கிவைக்காமலே, “அவன் படிப்பான்” என்று மட்டும் சொன்னார். அன்று என்னிடம் எந்த வெற்றியும் இல்லை. என்னை நம்புவதற்கு அவரிடம் எந்தச் சான்றும் இல்லை. அந்த ஒரு சொல் இல்லாதிருந்தால், பின்னர் வந்த எதுவும் வந்திருக்காது.

சதுரங்கம் ஆடும் நம் சென்னைப் பிள்ளை குகேஷை எடுத்துக்கொள்ளுங்கள். காது, மூக்கு, தொண்டை மருத்துவரான அவருடைய தந்தை, மகனோடு போட்டிகளுக்குப் பயணம் செய்வதற்காகத் தம் தொழிலையே ஒதுக்கி வைத்தார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று பதினெட்டு வயதில் உலகச் சாம்பியனான அந்த இளைஞர், அதே தொடரின் முதல் ஆட்டத்தில் தோற்றவர். தோல்விக்குப் பின்னும் நிலைகுலையாமல் நின்றதற்கு, பின்னால் இருந்த பெற்றோரின் நம்பிக்கையும் ஒரு காரணமில்லையா?

கணக்கு ஆசிரியர்:
குகேஷின் தந்தை அந்த முடிவை எடுப்பதற்கு முன்பே, மகன் வயதுப்பிரிவுப் போட்டிகளில் வென்றுகொண்டிருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. உங்கள் தாயாரை நான் வணங்குகிறேன். ஆனால் உங்களைக் காத்தது “படிப்பான்” என்ற சொல்லா, அல்லது உங்கள் கூலி வராமல் போனதை ஈடுகட்ட அவர் கூடுதலாகச் சுற்றிய பீடிக்கட்டுகளா? நான் குறை சொல்வது சொல்லோடு நின்றுவிடும் நம்பிக்கையைத்தான்.

முக்கூடல்காரன்:
ஐயா, அந்தக் கூடுதல் கட்டுகள் நம்பிக்கையன்றி வேறென்ன? என் வாதத்தையே எனக்குத் திருப்பித் தருகிறீர்கள். நான் படிப்பேன் என்று நம்பாத தாய், இரவு பதினொரு மணிவரை இலை வெட்டியிருக்க மாட்டார்.

ஆனால் நீங்கள் கேட்டபின் ஒன்று நினைவுக்கு வருகிறது. என் தாய் ஒருநாளும் மதிப்பெண் எவ்வளவு என்று கேட்டதில்லை. “இந்த வருசம் போனா அடுத்த வருசம்” என்பதையும் சேர்த்தேதான் சொல்வார். தோற்றாலும் வீட்டில் என் இடம் அப்படியே இருக்கும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. திண்டுக்கல் சகோதரியின் மகளுக்கு அது தெரியாமல் போயிருக்கலாம். அதற்காக நம்பிக்கையையே நிறுத்துங்கள் என்பது எனக்கு உடன்பாடில்லை. அந்த மற்றொரு பாதியையும் சொல்லுங்கள் என்பேன்.

இரண்டாமாண்டு மாணவி:
பெரியவர்களின் பேச்சில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பிள்ளைகளின் தன்னம்பிக்கையைப் பற்றியே பேசுகிறோம். பெற்றோருடைய தன்னம்பிக்கையை யாரும் கேட்கவில்லை.

என் அம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். பெற்றோர் கூட்டம் என்றால் சித்தப்பாவை அனுப்பிவிடுவார். “எனக்கு அங்க வந்து பேசத் தெரியாதும்மா” என்பார். என்னிடம் மட்டும், “நீ பயப்படாம பேசணும்” என்பார். நான் வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்டதே இல்லை. கேட்க முடியும் என்றும் தோன்றியதில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். 2022இல் தம்பி படித்த நடுநிலைப்பள்ளியில் அந்தக் குழுவுக்கு ஆள் போதாமல் அம்மாவை வற்புறுத்திச் சேர்த்தார்கள். இரண்டு கூட்டங்களில் வாயே திறக்கவில்லை. மூன்றாவது கூட்டத்தில், பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவுத் தாழ்ப்பாள் இல்லை என்று எழுந்து சொன்னார். குரல் நடுங்கியது, புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டே பேசினார். நான் பின்வரிசையில் நின்று பார்த்தேன். ஆசிரியர் ஐயா சொன்ன இரண்டாவது வழி அதுதான் என்று இப்போது புரிகிறது. பதினோரு ஆண்டுகளாக அவர் சொன்ன அறிவுரை செய்யாததை, அந்தத் தாழ்ப்பாள் செய்தது. அடுத்த வாரம் வேதியியல் வகுப்பில் முதன்முறையாகக் கையுயர்த்தினேன்.

திண்டுக்கல் அம்மா, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? கணக்கைப் பற்றி நீங்கள் வீட்டில் என்ன சொல்லுவீர்கள்?

கணக்கு ஆசிரியர்:
சரியான கேள்வி. 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கணக்கென்றாலே பதறும் பெற்றோர் வீட்டுப்பாடத்துக்கு அடிக்கடி உதவிய குழந்தைகள், அந்தக் கல்வியாண்டில் கணிதம் கற்றதே குறைவாக இருந்தது. அவர்கள் முதலிரண்டு வகுப்புக் குழந்தைகள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அதை அப்படியே பொருத்துவது முறையாகாது. ஆனாலும் பெற்றோரின் அச்சம் பிள்ளைக்குத் தொற்றக்கூடும் என்பதை நானும் கண்டிருக்கிறேன். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

திண்டுக்கல் தாய்:
அந்தக் கேள்வியை இரண்டு நாள் மனத்தில் வைத்திருந்தேன். மளிகைக் கணக்கைக்கூட, “எனக்குக் கணக்குன்னா ஆகாது, அப்பாகிட்ட கேளு” என்று அவர் பக்கம் தள்ளிவிடுவேன். அவள் நான்கு வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்திருக்கிறாள். அவள் 31 வாங்கிய அன்றுகூட, “என் மாதிரியே வந்திருக்கா” என்று என் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவள் அடுத்த அறையில்தான் இருந்தாள். மறுநாள் காலை அதே வாயால் “உன்னால் முடியும்” என்றேன்.

முக்கூடல் அண்ணன் சொன்ன மறுபாதியை முதலில் அவளிடம் சொன்னேன். கணக்கில் தேறாமல் போனாலும் வீட்டில் எதுவும் மாறாது என்று, அவள் அப்பாவையும் அருகில் வைத்துக்கொண்டு சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

ஞாயிறு பிற்பகல் அவளுடைய பத்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, இருபடிச் சமன்பாட்டில் மூன்று கணக்குகளை நானே போட உட்கார்ந்தேன். இரண்டாவதிலேயே நின்றுவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு, அருகில் வந்து அமர்ந்து, காரணிப்படுத்துவதை முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தாள். மூன்றாவது கணக்கில் கழித்தல் குறியைக் கூட்டலாக எழுதிவிட்டேன். “அம்மா, குறியைப் பாரு” என்று பென்சிலால் வட்டமிட்டாள். பதினோராம் வகுப்புப் புத்தகத்தை அவள் இன்னும் திறக்கவில்லை. நாளைக்கு எனக்கு ஐந்து கணக்குகள் குறித்து வைத்திருக்கிறாள்.