ஓவர்வெக்ட் வீடு: பழைய குடியிருப்பாளர் 2,400 யூரோ கேட்கிறார், கொடுத்தே ஆகவேண்டுமா?

மழைக்கோட்டு (வியாழன் இரவு)

எல்லாருக்கும் வணக்கம். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதனால்தான் இந்த நேரத்தில் எழுதுகிறேன்.

இங்கே நெதர்லாந்தில் சமூக வாடகை வீட்டுக்குப் பதிகிற வோனிங்நெட் தளத்தில் பதிந்து 11 வருடம் ஆகிறது. நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இப்போது தனியாரிடம் இரண்டு அறை எடுத்து இருக்கிறோம். போன கிழமை உட்ரெக்ட் நகரின் ஓவர்வெக்ட் பகுதியில் ஒரு வீட்டுக்கு எங்கள் பெயர் இரண்டாவதாக வந்தது. முதல் ஆள் வேண்டாம் என்றுவிட்டாராம், இப்போது எங்களைக் கேட்கிறார்கள். பத்து மாடிக் கட்டடம், ஏழாவது மாடி, வெளி நடைபாதையால் போகிற பிளாட். மூன்று படுக்கை அறை. வெறும் வாடகை 704 யூரோ, அதற்கு மேல் சேவைச் செலவும் சூடாக்கும் காசும் தனி.

பழைய குடியிருப்பாளர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். வீடு பார்க்கப் போனபோது கையால் எழுதின ஒரு தாளை நீட்டினார். லாமினேட் நிலம் (தரை) 1,100, படுக்கையறை அலுமாரி 400, எரிவாயு அடுப்பு 350, திரைச்சீலைகள் 250, "மற்றவை" 300. மொத்தம் 2,400. இதை எடுக்காவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்கிறார். வீட்டை வாடகைக்கு விடுகிற வீட்டுச் சங்கத்துக்கு, அதாவது கோர்ப்பராசிக்கு, தொலைபேசி அடித்துக் கேட்டால், "அது உங்களுக்கும் அவருக்கும் இடையில் உள்ள விஷயம்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

எங்கள் கையில் 1,900 தான் இருக்கிறது. 11 வருடம் காத்திருந்து கிடைத்த வீடு. கடன் பட்டாவது கொடுத்துவிடலாமா?

பனங்கிழங்கு

தங்கச்சி, ஒரு சதமும் கொடுக்காதீங்கோ. கையெழுத்தும் வைக்காதீங்கோ. முதலில் மூச்சு விடுங்கோ.

வீட்டைத் தருவது கோர்ப்பராசி, அந்த மனிதர் இல்லை. ஓவர்நாம என்பது அவர் தன் சாமான்களை உங்களுக்கு விற்கப் பார்ப்பது, அவ்வளவுதான். நீங்கள் வேண்டாம் என்றால் அவர் கழற்றிக்கொண்டு போகவேண்டும். வீடு அடுத்த ஆளுக்குப் போவதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நியாயமில்லாத காசை வீட்டுச் சாவியோடு சேர்த்துக் கேட்பதை இங்கே சட்டமே ஏற்காது. வீட்டுக்காரர் கேட்டாலும் சரி, வெளிக்கிடுகிறவர் கேட்டாலும் சரி.

திங்கள் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்காமல் நாளைக் காலையே கோர்ப்பராசிக்கு மின்னஞ்சலில் ஒரு வரி எழுதுங்கோ: "வீட்டை ஏற்கிறோம். ஓவர்நாம பற்றி இன்னும் முடிவு இல்லை." இரண்டும் வேறு வேறு என்று எழுத்தில் இருக்கட்டும். தொலைபேசியில் சொன்னது நாளைக்கு ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

சுத்தியல்

அக்கா சொன்னது சரி. நான் நிலம் போடுகிற வேலை செய்கிறவன், அதனால் அந்த 1,100 பற்றி மட்டும் சொல்கிறேன்.

மலிவான லாமினேட் கடையில் சதுர மீட்டர் 10, 12 யூரோவுக்குப் புதிதாகவே கிடைக்கும். அடியில் போடுகிற ஒண்டர்ஃப்ளூர் 4 யூரோ அளவில். உங்கள் வீட்டில் 60 சதுர மீட்டர் போடவேண்டி வந்தால் எல்லாமாக 960. அவர் பாவித்த பழையதை 1,100க்கு விற்கிறார்!

அதை விடப் பெரிய பிரச்சினை அடியில் இருக்கிறது. இந்த மாதிரிக் கட்டடங்களில் கடினமான நிலம் போட்டால், நடக்கிற சத்தத்தைக் குறைந்தது 10 டெசிபல் குறைக்கிற ஒண்டர்ஃப்ளூர் இருக்கவேண்டும் என்று அனேகமான கோர்ப்பராசிகள் கேட்கும். அவர் என்ன போட்டார் என்று உங்களுக்குத் தெரியாது. ஓவர்நாம தாளில் கையெழுத்து வைத்த நாளிலிருந்து அந்த நிலம் உங்களுடையது. பிள்ளைகள் ஓடுகிற சத்தம் என்று ஆறாம் மாடிக்காரர் முறைப்பாடு கொடுத்தால் உரித்துப் போடவேண்டியது நீங்கள்தான், அவர் இல்லை. பெட்டியோ பில்லோ காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டார், பாருங்கள்.

பனங்கிழங்கு

தம்பி சொன்னதை நான் அனுபவித்தவள். 2009இல் முதல் வீடு எடுத்தபோது ஒட்டின கார்ப்பெட்டோடு 300 யூரோவுக்கு எடுத்தேன். கீழே ஒன்றும் பார்க்கவில்லை, மேலே அழகாக இருந்தது, காணும் என்று நினைத்தேன். ஒன்பது வருடம் கழித்து வீடு மாறும்போது முன் பரிசோதனைக்கு வந்தவர் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, "இது போகவேண்டும், பசையும் போகவேண்டும்" என்று எழுதிவிட்டுப் போனார். நான் ஒட்டவே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஓவர்நாம படிவத்தில் என் கையெழுத்தைக் காட்டினார்கள்.

கார்ப்பெட் பாய் மாதிரிச் சுருண்டு வந்தது. பசைதான் வரவில்லை. மஞ்சளாய், பழைய பனங்கட்டி மாதிரி கொங்கிறீட்டில் இறுகிப் போய் இருந்தது. நானும் மகனும் நாலு இரவு முழங்காலில் இருந்து சுரண்டினோம். 300 கொடுத்து வாங்கினது அந்த நாலு இரவைத்தான்.

சைக்கிள்காரன்

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். நான் திருச்சி, இப்போது ஆம்ஸ்டெல்வேனில் இருக்கிறேன். தனியாரிடம் 1,900 கொடுக்கிறேன். 704 என்று படித்ததும் கண்ணைக் கட்டுகிறது. எங்களைப் போல ஐடி வேலையில் வந்தவர்கள் இதில் பதிய முடியாதா?

பனங்கிழங்கு

பதியலாம் தம்பி, தடை இல்லை. ஆனால் வீடு தரும்போது வருமானம் பார்ப்பார்கள். 2025இல் தனி ஆளுக்கு 49,669, குடும்பத்துக்கு 54,847 யூரோ, வருடத்துக்கு, அதுதான் எல்லையாக இருந்தது. உங்கள் துறையில் அது தாண்டியிருக்கும். அந்த வருடம் வெறும் வாடகை 900.07 வரைக்கும் உள்ள வீடுதான் இந்தச் சமூக வாடகைக் கணக்கில் வந்தது. எதற்கும் பதிந்து வையுங்கோ, வருடம் சும்மா ஏறட்டும்.

மழைக்கோட்டு (வெள்ளி)

அக்கா, சுத்தியல் அண்ணா, நன்றி. மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். கை நடுங்கிக்கொண்டுதான் அனுப்பினேன். பதிலும் வந்துவிட்டது, வருமானச் சான்று, சம்பளத் துண்டுகள், நகரசபைப் பதிவு எல்லாம் கேட்டிருக்கிறார்கள். ஓவர்நாம பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அடுப்பை மட்டும் எடுக்கலாமா? பார்க்க நல்ல அடுப்பு. இன்னொன்று, களஞ்சிய அறையில் லாமினேட் இல்லை, பழைய ஸைல் (வினைல்) விரிப்பு ஒன்று இருந்தது. மூலையில் கிழிந்து, அடிப்பக்கம் சாம்பல் நிறமாக அட்டை மாதிரித் தெரிந்தது. அதை நாங்களே உரித்துவிட்டால் நிலம் முழுக்க ஒரே மாதிரிப் போடலாம் என்று கணவர் சொல்கிறார்.

சுத்தியல்

கணவரிடம் சொல்லுங்கள், அதைத் தொடவேண்டாம். இழுக்கவும் வேண்டாம், சுரண்டவும் வேண்டாம்.

ஓவர்வெக்ட் கட்டடங்கள் பெரும்பாலும் 1960களில் எழும்பினவை. அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகு கொஞ்சக் காலமும் வந்த சில ஸைல்களின் அடி அட்டையில் கல்நார், அதாவது அஸ்பெஸ்டஸ், இருக்கும். இங்கே அதை 1993இல்தான் தடை செய்தார்கள். சும்மா கிடக்கும்போது பெரிய ஆபத்து இல்லை. கிழிக்கும்போதுதான் நார் தூசியாகப் பறக்கும். பிறகு வீடு முழுவதையும் மூடிச் சுத்தம் செய்யவேண்டி வரும். ஒரு படம் எடுத்துக் கோர்ப்பராசிக்கு அனுப்பி, சாவி எடுக்கும் முன் சோதிக்கச் சொல்லுங்கள். ஓவர்நாம பட்டியலில் அந்த "மற்றவை 300" என்று ஒன்று இருக்கிறதே, அதற்குள் இந்த ஸைலும் இருந்தால் தலையிடி உங்களுடையதாகிவிடும். ஒன்றுமில்லாத சொல்லுக்குக் கையெழுத்து வைக்காதீர்கள்.

அடுப்பு விஷயம்: ஓவர்வெக்டின் வடக்குப் பக்கமா? அங்கே நிறைய வீடுகளுக்குச் சூடு நகரக் குழாய் வழியாக வருகிறது, எரிவாயு சமைக்க மட்டும்தான். அந்தப் பகுதியை எரிவாயு இல்லாமல் ஆக்குவது நகரசபையின் திட்டம். குசினிச் சுவரில் ஐந்து துளை உள்ள பெரிய வட்டச் சொக்கெட் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பெரிலெக்ஸ் என்பார்கள். அது இருந்தால் மின் அடுப்புக்கு வயர் இழுத்தாயிற்று. 350 கொடுத்து எரிவாயு அடுப்பு வாங்குவது வீண்.

பனங்கிழங்கு

அலுமாரியும் திரைச்சீலையும் உண்மையாகவே தேவையென்றால் பேரம் பேசுங்கோ. உங்களுக்கு விற்றால் அவருக்கு ஏழாம் மாடியில் இருந்து இறக்குகிற வேலை மிச்சம், அதை மறக்காதீங்கோ. கோர்ப்பராசியின் படிவத்திலேயே ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாக எழுதி, விலை போட்டு, இரண்டு பேரும் கையெழுத்து வைக்கவேண்டும். கையால் எழுதின தாள் வேண்டாம். காசு வங்கியால்.

பிறகு ஹூர்துஸ்லாக், அதாவது அரசு தருகிற வாடகை உதவி. வீடு மாறின ஐந்து நாளுக்குள் நகரசபையில் முகவரி மாற்றவேண்டும், அது இல்லாமல் வாடகை உதவி வராது. சூடாக்கும் காசை அந்தக் கணக்கில் சேர்க்காதீங்கோ, பிறகு திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். எங்கட ஆட்கள் நிறையப் பேர் பிழை விடுகிற இடம் இது.

நிலம் போடக் காசு காணாது என்றால் நகரசபையின் விசேட உதவி கேட்கலாம், வருமானம் குறைவாக இருந்தால். யூரிடிஸ் லோகெட்டில் சட்ட ஆலோசனை இலவசம். அவர் திரும்பவும் வெருட்டினால் அங்கே போங்கோ.

மழைக்கோட்டு (மூன்று கிழமைக்குப் பிறகு)

சாவி கிடைத்துவிட்டது!

சொல்லாமல் விட மனமில்லை, அதனால் எழுதுகிறேன். அவரிடம் போய், அலுமாரிக்கும் திரைச்சீலைக்கும் சேர்த்து 200, வேறு ஒன்றும் வேண்டாம் என்றேன். கத்தினார். கதவைச் சாத்தினார். இரண்டு நாள் கழித்து அவரே தொலைபேசி அடித்து, சரி என்றார். லாமினேட்டை அவரே கழற்றவேண்டி வந்தது. அடியில் ஒண்டர்ஃப்ளூரும் இல்லை, ஒன்றும் இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டும். பெரிலெக்ஸ் சொக்கெட் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது.

களஞ்சிய அறை ஸைலைச் சோதித்தார்கள். கல்நார் இருந்தது. கோர்ப்பராசியே ஆள் வைத்து எடுத்தது, வாடகை தொடங்கும் நாளை 10 நாள் தள்ளி வைத்தார்கள். கணவர் இப்போது வீட்டில் எதைத் தொடமுன்னும் என்னைக் கேட்கிறார்.

ஒரேயொரு பிரச்சினை. சின்ன அறையில் பழைய கார்ப்பெட் பசை இருக்கிறது. இரண்டு சதுர மீட்டர் இருக்கும். மஞ்சள்.

பனங்கிழங்கு

ஐயோ, பனங்கட்டி!

சுத்தியல்

சாவி எடுக்கும்போது எழுதின பரிசோதனைத் தாளில் அது இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே படம் எடுத்து அனுப்புங்கள், நீங்கள் வந்தபோதே இருந்தது என்று பதிவாகட்டும். கல்நார் கண்ட வீடு, அதனால் அந்தப் பசையையும் சோதித்தார்களா என்று அதே மின்னஞ்சலில் கேளுங்கள். பிரச்சினை இல்லை என்று எழுத்தில் வந்தால் சுரண்டுகிற கருவி வாங்கவேண்டாம், நீளக் கைபிடி உள்ளது என்னிடம் இருக்கிறது. சனி பத்து மணிக்கு வருகிறேன். லிஃப்ட் வேலை செய்கிறதா?