பாஸ் தொடர்களைக் கணக்கிடும் முறை பற்றி உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கால்பந்தில் ஓர் அணி பந்தை இழக்காமல் தொடர்ச்சியாக எத்தனை பாஸ்களை நிறைவு செய்கிறது என்பதை ஆராய்ந்து வருகிறேன். 1950 முதல் ஆட்டங்களைக் கையால் குறித்துவந்த ஆங்கிலேயக் கால்பந்துப் பகுப்பாய்வாளர் சார்லஸ் ரீப், 1968-இல் புள்ளியியலாளர் பெர்னார்ட் பெஞ்சமினுடன் வெளியிட்ட கட்டுரையில், பெரும்பாலான கோல்கள் மூன்று அல்லது அதற்கும் குறைவான பாஸ்களுக்குப் பிறகே விழுந்தன என்று காட்டினார். ஆனால் குறுகிய தொடர்களே எண்ணிக்கையில் மிக அதிகம். ஆகவே கோல்களை அந்தந்த நீளமுள்ள தொடர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்காமல், சில பாஸ்களிலேயே பந்தை நெடுந்தூரம் முன்னே அனுப்பும் நெடும்பாஸ் ஆட்டமே சிறந்தது என்று முடிவுகட்டியது பெரும் பிழை என்றே கருதுகிறேன்.

என் சிக்கல், ஒரு தொடர் எங்கே முடிகிறது என்பதை வரையறுப்பதில்தான் இருக்கிறது. எதிரணித் தடுப்பாளரின் காலில் பட்டுத் திரும்பிய பந்து இரண்டே நொடிகளில் மீண்டும் அதே அணியிடம் வந்துசேர்ந்தால், அதை ஒரே தொடராகக் கொள்வதா, இரண்டாகப் பிரிப்பதா? பந்து பக்கக்கோட்டைக் கடந்து அதே அணிக்கு த்ரோ-இன் கிடைத்தால் என்ன செய்வது? இந்த முடிவைப் பொறுத்து நீண்ட தொடர்களின் விகிதமே மாறிவிடுகிறது. முன்னிலை பெற்ற அணி பின்வாங்கி ஆடுவதுண்டு என்பதால், இத்தொடர்களை விவரிக்கும் மார்க்கோவ் சங்கிலியில் (அடுத்த நிலையின் நிகழ்தகவு தற்போதைய நிலையை மட்டுமே சார்ந்திருக்கும் கணித மாதிரி) கோல் நிலவரத்தையும் சேர்க்க வேண்டுமா என்றும் அறிய விரும்புகிறேன். ஆட்டத் தரவுகளைக் கையாண்டவர்கள், தாங்கள் பின்பற்றும் வரையறையைக் காரணத்துடன் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.