மாம்பாக்கத்தில் புது புராஜெக்டா, அதே சாலையில் ஆறு வருடப் பழைய ஃபிளாட்டா?

ஓஎம்ஆர்_தேடல் (கேள்வி):

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில், மாம்பாக்கம் பக்கம் ஒரு புது அடுக்குமாடித் திட்டம். ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் உள்ள, வண்டி நிறுத்தும் தரைத்தளம்) + 5 மாடி, நான்கு பிளாக், மொத்தம் 200 வீடு. ஏ, பி, சி பிளாக்குகளுக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் வந்துவிட்டது, இரண்டாம் தளம் வரை ஸ்லாப் போட்டிருக்கிறார்கள். 2 பெட்ரூம், விற்பனைப் பரப்பு (பொது இடப் பங்கும் சேர்த்து) 1,180 சதுர அடி, கார்ப்பெட் (வீட்டுக்குள் புழங்கும் இடம்) 790, யூடிஎஸ் (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) 440. சதுர அடி 6,300 ரூபாய். கார் பார்க்கிங் 3.5 லட்சம், அமெனிட்டீஸ் 2.5 லட்சம், இபி–தண்ணீர்–கழிவுநீர் இணைப்புக்கு 1.75 லட்சம், கார்ப்பஸ் (குடியிருப்பின் சேமநிதி) சதுர அடிக்கு 50, பராமரிப்பு மாதம் சதுர அடிக்கு 4 ரூபாய் வீதம் 24 மாதத்துக்கு முன்பணம்.

அதே சாலையில் ஆறு வருடப் பழைய ஃபிளாட் ஒன்று 58 லட்சத்துக்குக் கிடைக்கிறது. விற்பனைப் பரப்பு 1,050, கார்ப்பெட் 770, கார் பார்க்கிங் சேர்த்து. குடியிருக்கத்தான் வாங்குகிறோம். எதை எப்படி எடை போடுவது?

கணக்கர்_தாம்பரம்:

சார், முதலில் சதுர அடி 6,300 என்பதை ஒதுக்கி வையுங்கள். நீங்கள் கால் வைத்து நடக்கும் இடம் 790 அடிதான். 1,180 அடிக்கு 6,300 வீதம் வரும் 74.34 லட்சத்தை 790-ஆல் வகுத்தால் அடிக்கு 9,410 ரூபாய். பழைய வீடு 58 லட்சம், 770 அடி: 7,532. இரண்டு வீடுகளையும் இப்படித்தான் ஒப்பிட வேண்டும். விற்பனைப் பரப்பில் எத்தனை சதவீதம் பொது இடத்தைச் சேர்ப்பது என்பது பில்டருக்கு பில்டர் மாறும். கார்ப்பெட் மட்டும்தான் ரெரா சட்டத்தில் வரையறுக்கப்பட்டது. உள்சுவர் அதில் சேரும். வெளிச்சுவர், பால்கனி, ஷாஃப்ட் சேராது.

இனி மொத்தச் செலவு. வீடு, பார்க்கிங், அமெனிட்டீஸ் சேர்த்து 80.34 லட்சம். கட்டி முடிக்காத வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 4.02 லட்சம். (1 சதவீதச் சலுகைக்கு விலை 45 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு வராது.) புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல் கூட்டு மதிப்பு முறை (நிலப்பங்குக்கும் கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே மதிப்பு): 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4 + பதிவுக் கட்டணம் 2, அதற்கு மேல் 3 கோடி வரை 5 + 2. ஆக 7 சதவீதம், 5.62 லட்சம். இணைப்பு 1.75, கார்ப்பஸ் 0.59, பராமரிப்பு முன்பணம் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 1.34. கூட்டினால் 93.66 லட்சம். கப்போர்டு, கிச்சன் வேலை தனி.

பழைய வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் மறுவிற்பனைக்கு 7 + 2 = 9 சதவீதம், 5.22 லட்சம். தரகு 1 சதவீதம் என்று வைத்தால் மொத்தம் 64 லட்சத்துக்குப் பக்கம். பெயின்ட், பாத்ரூம் வேலைக்கு 3 லட்சம் ஒதுக்கினாலும் 67.

பலர் விட்டுவிடும் இரண்டு விஷயம். ஒன்று, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் தர முடியும், பதிவுச் செலவு அந்த மதிப்பில் சேராது. 80.34-க்கு 64 லட்சம் கடன் கிடைத்தால் மீதி சுமார் 30 லட்சம் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். இரண்டு, கட்டும் காலத்து வட்டி. 64 லட்சம் படிப்படியாக விடுவிக்கப்பட்டு, இரண்டு வருடத்துக்குச் சராசரியாகப் பாதித் தொகை நிலுவையில் இருந்தால், 8.5 சதவீதத்தில் 5.4 லட்சம் வட்டி. இதோடு இப்போதைய வாடகையும் ஓடும். பழைய வீட்டில் அடுத்த மாதமே வாடகை நின்றுவிடும்.

50 லட்சமும் அதற்கு மேலும் என்பதால் இரண்டுக்கும் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவரின் வருமான வரிக்காக விலையில் கழிப்பது) பிடித்துக் கட்ட வேண்டும், புது வீட்டுக்கு ஒவ்வொரு தவணையிலும். பழைய வீட்டின் உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1 சதவீத விதி பொருந்தாது, பிடிக்க வேண்டிய தொகை மிக அதிகம். பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்திரம்_பார்ப்பவர்:

கணக்கு சரி. பணத்துக்கு அடுத்து காகிதம். புது புராஜெக்டில் நீங்கள் வாங்குவது வீட்டை அல்ல, ஒரு ஒப்பந்தத்தை. அதில் எழுதாதது எதுவும் கிடைக்காது.

ரெரா தளத்தில் எண்ணைப் போட்டு, பில்டர் பதிவு செய்த முடிவுத் தேதியைப் பாருங்கள். விற்பனையாளர் சொல்லும் தேதிக்கும் அதற்கும் பல நேரம் ஒரு வருடம் வித்தியாசம் இருக்கும். தாமத வட்டி ஒப்பந்தத் தேதியை வைத்துத்தான் கணக்கிடப்படும் என்பதால், 'கிரேஸ் பீரியட் 6 மாதம்' என்ற வரி ஒப்பந்தத்தில் எங்கே ஒளிந்திருக்கிறது என்றும் தேடுங்கள். தாமதமானால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம், அல்லது வீட்டை வைத்துக்கொண்டு மாதாமாதம் வட்டி கேட்கலாம். ரெரா சட்டம், பிரிவு 18.

மூலப்பத்திரம் முதல் இன்று வரை தொடர்ச்சி, 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, 'அ' பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவு), புலப்பட (நில அளவை வரைபட) நகல். இந்தக் கடைசி இரண்டை யாரும் கேட்பதில்லை. சர்வே எண் நிலத்தில் ஓடையோ வாய்க்காலோ குறுக்கே போகிறதா என்பது புலப்படத்தில் கோடாகவே தெரியும். 'அ' பதிவேட்டில் ஏரி உள்வாய் (நீர்ப்பரப்பு), மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்), அனாதீனம் (உரிமை கோரப்படாத அரசு நிலம்) என்று எந்த உட்பிரிவுக்காவது போட்டிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நில உரிமையாளர் ஒருவர், கட்டுபவர் இன்னொருவர் என்றால் கூட்டு ஒப்பந்தமும் பவர் பத்திரமும் வாங்கிப் பாருங்கள். எந்தெந்த வீடு யார் பங்கு என்று அதில் பட்டியல் இருக்கும். உங்கள் வீடு நில உரிமையாளர் பங்கில் இருந்தால், அதற்கான கையெழுத்து அதிகாரம் பில்டருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். நிலத்தை அடமானம் வைத்துப் புராஜெக்ட் கடன் வாங்கியிருந்தால், உங்கள் வீட்டு எண்ணைக் குறிப்பிட்டுக் கடன் கொடுத்தவர் தரும் தடையில்லாச் சான்று கட்டாயம். 'வங்கி அப்ரூவ்டு' என்ற பலகை வங்கியின் பாதுகாப்புக்காக வங்கி செய்த சோதனை. உங்கள் வழக்கறிஞர் தனியே பார்க்க வேண்டும்.

யூடிஎஸ் 440-ஐயும் சரிபாருங்கள். எல்லா வீடுகளின் யூடிஎஸ்ஸையும் கூட்டினால் வருவது, திறந்தவெளிக்கும் சாலைக்கும் தானமாக எழுதிக் கொடுத்த நிலத்தைக் கழித்த மீதிக்குள் அடங்க வேண்டும். தானம் கொடுத்த இடத்தையும் சேர்த்துப் பங்கு போட்ட பட்டியல்கள் உண்டு.

பார்க்கிங் 3.5 லட்சம் மூடிய ஸ்டில்டில் உள்ளதா? திறந்தவெளி பார்க்கிங் பொது இடம், அதைத் தனியாக விற்க முடியாது. எண் போட்டு, வரைபடத்தோடு ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாகத் தவணை அட்டவணை. கடைசி ஸ்லாப் போடும்போதே 85 சதவீதம் வாங்கிவிடும் அட்டவணை என்றால் கையெழுத்துக்கு முன் பேரம் பேசுங்கள். செங்கல் வேலை, பூச்சு, டைல்ஸ், லிஃப்ட், கழிவுநீர் நிலையம் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. அந்தக் கட்டத்தில் பில்டருக்கு உங்களிடமிருந்து வரவேண்டியது 15 சதவீதம்தான் என்றால் வேலை மெதுவாவது இயல்பு.

சைட்_இன்ஜினியர்:

இரண்டாம் தளத்தில் இருக்கும்போது போவது நல்லது, பூச்சுக்குப் பிறகு எதுவும் தெரியாது. மூன்று விஷயம் பாருங்கள்.

ஸ்லாப் ஓட்டிய மறுநாள் முதல் தண்ணீர் நிற்கிறதா. பிபிசி (சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும். தூண்களுக்குச் சாக்கு சுற்றி நனைப்பதைத்தான் முதலில் விடுவார்கள். கியூப் சோதனை (கான்கிரீட் கட்டியை அழுத்தி வலிமை பார்ப்பது) பதிவேட்டைக் கேளுங்கள்: எம்25 கான்கிரீட் 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். 7 நாள் முடிவு மட்டும் எழுதி 28 நாள் கட்டம் காலியாக இருந்தால் கேள்வி கேளுங்கள். மூன்றாவது, பிளாக் சுவரும் கான்கிரீட் தூணும் சேரும் இடத்தில் பூச்சுக்கு முன் கம்பி வலை அடிக்கிறார்களா. அது இல்லையென்றால் முதல் கோடையிலேயே அந்தக் கோட்டில் நேராக விரிசல் விழும்.

சுவரே கான்கிரீட்டான மைவான் கட்டுமானம் என்றால் பின்னால் சுவரை உடைத்து பாயின்ட் மாற்ற முடியாது. ஏசி, அதன் தண்ணீர்க் குழாய், ஆர்ஓ, சிம்னித் துளை எல்லாம் இப்போதே வரைபடத்தில் குறித்து எழுத்தில் வாங்குங்கள்.

சாவி வாங்கும் அன்று: பாத்ரூமில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், வடிகால் பக்கம் ஓடாமல் மூலையில் தேங்கினால் டைல்ஸைப் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும். நாணயத்தால் டைல்ஸைத் தட்டினால் அடியில் கலவை இல்லாத இடம் வெற்றொலி தரும். பாத்ரூம் குழித்தளத்தை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திய சோதனையை, டைல்ஸ் போடும் முன்பே நேரில் பார்ப்பது நல்லது. கட்டமைப்புக் குறைக்கும் வேலைத்தரக் குறைக்கும் 5 வருடம் பில்டர் பொறுப்பு, எழுதிக் கொடுத்த 30 நாளில் செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும். மின்னஞ்சலில் புகைப்படத்தோடு அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் சொல்வது பயன்படாது.

பழைய வீட்டில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், அதுதான் அதன் பெரிய லாபம். ஸ்டில்ட் தூண்களில் துருக்கறை, பீமின் அடியில் கம்பி ஓடும் கோட்டிலேயே விரிசல், கீழ்வீட்டு பாத்ரூம் கூரையில் உப்புப் பூத்தல். இந்த மூன்றும் இல்லையென்றால் ஆறு வருடம் ஒரு வயதே இல்லை.

சங்கம்_செயலாளர்:

தண்ணீரை யாரும் தொடவில்லையே. 200 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர்: நாளுக்கு 1,08,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 9 லாரி. சுத்திகரித்த நீரை ஃபிளஷ்ஷுக்குத் தனிக் குழாயில் விட்டால் ஆளுக்கு 45 லிட்டர் மிச்சம், 6 லாரியாகக் குறையும். அந்த இரட்டைக் குழாய் உங்கள் பிளாக்கில் போடுகிறார்களா என்று ஷாஃப்டைப் பார்த்தாலே தெரியும். எத்தனை போர்வெல், கோடையில் எவ்வளவு நேரம் ஓடுகிறது, உப்பு அளவு என்ன? லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, 2,000-க்கு மேல் என்றால் குடிக்க ஆகாது. பக்கத்துக் குடியிருப்பின் காவலாளியிடம் மே மாதத்தில் எத்தனை லாரி வரும் என்று கேளுங்கள்.

சதுர அடிக்கு 4 ரூபாய் பராமரிப்பில் லாரித் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா? பெரும்பாலும் சேராது, தனி பில் வரும்.

கழிவுநீர் நிலையம் 200 வீட்டுக்குக் கட்டப்படும். முதல் வருடம் 40 வீட்டில்தான் ஆள் இருப்பார்கள். வரும் கழிவு போதாமல் அதிலுள்ள நுண்ணுயிர் சாகும், நாற்றம் கிளம்பும். தொட்டியை இரண்டு பகுதியாகப் பிரித்துப் பாதி அளவில் ஓட்ட வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். அது முதல் கட்டத்திலா, டி பிளாக்கோடா என்பதும் முக்கியம். கிளப் ஹவுஸ், நீச்சல் குளத்துக்கும் இதே கேள்வி.

நிறைவுச் சான்று இல்லாமல் சாவி கொடுத்தால் வாங்காதீர்கள். நிரந்தர மின் இணைப்பு வராது, தற்காலிக இணைப்பின் கட்டணம் அதிகம்.

மழைக்காலத்தில், நவம்பரில் ஒரு கனமழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். ஏரியின் கலங்கல் (நிரம்பிய நீர் வழியும் இடம்) எந்தப் பக்கம், உபரி நீர் எந்த வழியாக இறங்குகிறது, ஸ்டில்ட் தரை சாலையைவிட எத்தனை அடி உயரம்.

ஓஎம்ஆர்_தேடல்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு புது விஷயம். டி பிளாக்குக்கு ரெரா எண் இன்னும் வரவில்லை. இப்போதே 2 லட்சம் கொடுத்தால் 5,900-க்கு விலையை நிறுத்தி வைப்பார்களாம், 'விருப்பக் கடிதம்' என்கிறார்கள். 4.72 லட்சம் மிச்சம் ஆகிறதே. இல்லையென்றால் பெரும்பாக்கம் பக்கம் பார்க்கலாமா?

கணக்கர்_தாம்பரம்:

பணம் திரும்பக் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தால் 2 லட்சம் பெரிய ஆபத்து இல்லை என்றுதான் நினைக்கிறேன். 4.72 லட்சம் சிறிய தொகை அல்ல.

பத்திரம்_பார்ப்பவர்:

இதில் உடன்பட முடியவில்லை சார். ஒவ்வொரு கட்டமும் சட்டப்படி தனிப் புராஜெக்ட். பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்யவோ, முன்பதிவு வாங்கவோ கூடாது, பிரிவு 3. அந்தக் கடிதத்தில் வீட்டு எண்ணோ, தேதியோ, அங்கீகரிக்கப்பட்ட வரைபடமோ இருக்காது. அனுமதி தாமதமானால் 5,900 என்ற விலைக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. பெரும்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2025 செப்டம்பரில் பள்ளிக்கரணை ராம்சார் (சர்வதேச அங்கீகாரம் பெற்ற சதுப்புநிலம்) எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் புதிய அனுமதி தரக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அனுமதிக்கு முன் முன்பணம் கொடுத்தவர் நிலை அங்கே என்னவாகும் என்று யோசியுங்கள். அந்தப் பக்கம் பார்ப்பதானால் சர்வே எண்ணை அந்த எல்லையோடு ஒப்பிட்ட பிறகே மற்ற பேச்சு.

5,900 என்று அவர்களே சொல்லிவிட்டார்கள் அல்லவா, அதை வைத்து சி பிளாக்கில் பேரம் பேசுங்கள். 10 சதவீதத்துக்கு மேல் எந்தப் பணமும் பதிவு செய்த விற்பனை ஒப்பந்தத்துக்குப் பிறகுதான். காசோலையை ரெரா தளத்தில் காட்டியிருக்கும் புராஜெக்டின் தனிக் கணக்கு எண்ணுக்கே எழுதுங்கள், பில்டரின் பொதுக் கணக்குக்கு வேண்டாம். ஒப்பந்த மாதிரியைக் கையெழுத்துக்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தர மறுத்தால் பழைய ஃபிளாட்டின் வில்லங்கச் சான்றுக்கும், சங்கத்தின் நிலுவையில்லாச் சான்றுக்கும் அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.