வளையம் வராத ஸ்டெஃபைலோகாக்கஸ்: யாராவது உதவுங்கள்

வணக்கம். காரைக்குடியில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறேன். ஆறு மாதமாக மறுவளர்ப்பு செய்துவரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா, ரத்த அகாரில் (ரத்தம் கலந்த வளர்ப்புக் கூழ்) சிவப்பணுக்கள் சிதைவதால் வரும் தெளிந்த வளையத்தைத் திடீரென்று காட்டவில்லை. நச்சு உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ஏஜிஆர் (agr) மரபணுக்களில் திடீர்மாற்றம் நேர்ந்திருக்குமோ என்று சந்தேகம். அது பழுதானால், சிவப்பணுக்களைச் சிதைக்கும் ஆல்ஃபா, டெல்டா ஹீமோலைசின் நச்சுகள் குறையும். ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்க்கும்போதே இப்படி ஆகலாம். ஆனால் கிருமி சாதுவாகிவிடுவதில்லை. ஒட்டிக்கொள்ள உதவும் மேற்பரப்புப் புரதங்கள் கூடும். நீடித்த ரத்தத் தொற்றுகளிலும் இத்தகைய வகைகள் கிடைக்கின்றன. என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான்.

மரபணு வரிசை பார்க்க இப்போது பணமில்லை. பீட்டா ஹீமோலைசின் மட்டும் சுரக்கும் ஆர்என்4220 என்ற ஆய்வக ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைக்குக் குறுக்கே என் கிருமியைக் கோடிட்டு, டெல்டா சுரக்கிறதா என்று பார்த்தே ஏஜிஆரைச் சோதிக்கலாமாம். காரைக்குடி, தேவகோட்டை பக்கம் அதைச் செய்த அண்ணன்கள், அக்காக்கள் இருந்தால் செய்முறை சொல்லுங்கள். அப்புறம், ஆட்டு ரத்தம்தான் வேண்டுமா?