லண்டனில் நடு வயதில் கார் பழகுகிறவர்களுக்கு

ஸ்டியரிங்கைப் பிடித்தாலே உள்ளங்கை வேர்க்கிறது, இந்த வயதில் இதெல்லாம் நமக்கு வருமா என்று புதிதாக வந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வரும். எனக்கு 39 வயதில் வந்தது. மதுரையில் பத்து வருடம் ஸ்கூட்டி ஓட்டியவள் நான், இங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் முதல் வாரமே ஒரு ரவுண்டபவுட்டில் வலது பக்கத்திலிருந்து வண்டிகள் வந்துகொண்டே இருக்க, எப்போது நுழைவது என்று தெரியாமல் கால் நடுங்கி, கிளட்சை விட்டு, வண்டி அணைந்துவிட்டது.

பின்னால் நின்றவர் ஹாரன் அடிக்கவில்லை, பேசாமல் காத்திருந்தார். அப்போதுதான் புரிந்தது, என் பயத்தில் பாதி ஊரிலிருந்து கொண்டுவந்தது. ஊரில் எதிரே வருகிறவர் லைட் அடித்தால் 'நான் வர்றேன், நில்லு' என்று அர்த்தம். இங்கே பெரும்பாலும் 'நீங்க போங்க' என்பதற்காக அடிக்கிறார்கள். ஆனாலும் அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள், ஹைவே கோட் என்கிற இங்குள்ள சாலை விதிப் புத்தகத்தின்படி 'நான் இங்கே இருக்கிறேன்' என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. வழி காலியா என்று நீங்களே பாருங்கள்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது வேறு. பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள் என்றார் இன்ஸ்ட்ரக்டர். ஆங்கிலத்தில் வார்த்தை தேடுவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும். தமிழில் சொல்லட்டுமா என்று கேட்டேன், தாராளமாக என்றார். "முன்னால சைக்கிள்காரர், கண்ணாடி பாரு, வேகத்தைக் குறை, எதிரே பஸ், பொறு, சரி, இப்போ போ." அவருக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் நான் கண்ணாடி பார்ப்பது அவருக்குத் தெரியும். வாய் வேலை செய்துகொண்டிருக்கும்போது 'இடித்துவிடுவேனோ' என்ற நினைப்பு நுழைய இடமே இல்லை, அதோடு பேச வேண்டுமென்றால் மூச்சு விட்டாக வேண்டும், எனக்கோ பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிற பழக்கம். நாலைந்து வகுப்பில் காதுவரை ஏறியிருந்த தோள் கீழே இறங்கியது.

கணவரிடம் பழகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். பக்கத்தில் உட்காருபவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், பிரிட்டன் அல்லது ஐரோப்பிய லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், இந்திய லைசென்ஸ் போதாது. இன்ஷூரன்ஸில் உங்கள் பெயரும் வேண்டும். எல்லாம் இருந்தாலும் முதல் பத்து வகுப்பை இன்ஸ்ட்ரக்டரின் காரிலேயே ஓட்டுங்கள் என்பேன், அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி நடுக்கம் போய்விடும். கிளட்ச்தான் பிரச்சினை என்றால் ஆட்டோமேட்டிக் பழகலாம், ஆனால் அந்த லைசென்ஸில் கியர் வண்டி ஓட்ட முடியாது.

டெஸ்ட் சுமார் 40 நிமிடம். சின்னத் தவறு 15 வரை இருந்தாலும் பாஸ்தான், பெரிய தவறு ஒன்று வந்தால் ஃபெயில். வண்டி அணைந்துபோவது மட்டுமே உங்களை ஃபெயில் ஆக்காது: ஹேண்ட்பிரேக் போடுங்கள், ஸ்டார்ட் செய்யுங்கள், சுற்றிப் பாருங்கள், கிளம்புங்கள். வழி தவறித் திரும்பினாலும் அது தவறில்லை, பாதுகாப்பாகத் திரும்பியிருந்தால் போதும். எக்ஸாமினர் சிரிக்காமல் பேசாமல் வருவார், அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2014 ஏப்ரலிலிருந்து மொழிபெயர்ப்பாளரை உள்ளே விடுவதில்லை. அதனால் எக்ஸாமினர் சொல்கிற கட்டளைகளைக் காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். 'புல் அப் ஆன் தி லெஃப்ட்' என்றால் இடதுபுறம் ஓரமாக நிறுத்து என்று அர்த்தம், எனக்கு முதலில் அது தெரியாமல் இடது பக்கம் திரும்பப் போனேன். புரியவில்லை என்றால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள், அதற்கு மார்க் குறைக்க மாட்டார்கள். இன்ஸ்ட்ரக்டரைப் பின் சீட்டில் உட்காரவைக்கவும் அனுமதி உண்டு, நான் இரண்டாவது தடவை அப்படித்தான் போனேன், அன்றைக்குப் பாஸ் ஆனேன்.